சாபமா, விஷமா?

வங்காளதேசத்தில் குழாய்க்கிணற்று நீரைக் குடித்து, உள்ளங்கை தடித்து, தோலில் புள்ளி விழுந்தவர்களைச் சாபம் பெற்றவர்கள் என்று ஒதுக்கினார்கள். 1993-ல் நவாப்கஞ்ச் ஜில்லாவில் கிணற்று நீரைப் பரீட்சித்தபோது அகப்பட்டது ஆர்சனிக் என்ற விஷம்!

தோழர்களே, சாபக்காரர்கள் கிடக்கட்டும். எந்தக் கிணற்றுக்கும் ஒரே வடிகட்டி போதும் என்கிற படித்தவர்களின் யோக்கியதை என்ன? நீரைப் பரீட்சிக்காமல் வடிகட்டி மாட்டுவதும் தாயத்துக் கட்டுவதும் ஒன்றுதானே!

பிராணவாயு படாத அந்நாட்டு நிலத்தடி நீரில் ஆர்சனிக் பெரும்பாலும் மின்னேற்றமில்லாத உருவில் இருக்கிறது. அது இரும்புத் துருவில் சரியாக ஒட்டாது. குளோரின் கலந்து உருவை மாற்றினால் ஒட்டும். நீரிலேயே இரும்பு மிகுந்திருந்தால், காற்றுப்பட்டு உண்டாகும் துருவே விஷத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். பாஸ்பேட் மிகுந்திருந்தாலோ, ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பவனைப் போல அது துருவில் முந்திக்கொள்ளும்; விஷம் குடத்துக்கே வந்துசேரும்.