சொல்லாமல் வரும் புதுப் பதிப்பு

பிரவுசர் புதிதாகும்போது வேகம் கூடுகிறது. கூடவே என்ன குறைகிறது என்பதைப் பயன்படுத்துகிறவர் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்.

2017 நவம்பர் 14 அன்று ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் 57ஆம் பதிப்பு வெளியானது. அதற்குக் 'குவாண்டம்' என்று தனிப் பெயரே சூட்டியிருந்தது மொஸில்லா நிறுவனம். வேகம் இரு மடங்கு என்பது விளம்பரம். விளம்பரத்தில் பெரிய பொய்யும் இல்லை. பக்கங்கள் சட்டென்று வந்து விழுவதைப் பலரும் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் நெடுநாளாக ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருந்தவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த துணைக் கருவிகள் செயலற்றுப் போய், 'பழையவை' என்ற தலைப்பின் கீழ் வரிசையாகக் கிடந்தன. பக்கத்திலேயே ஒரு பொத்தான்: மாற்று ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். பலவற்றுக்கு மாற்றே இல்லை.

நீட்சிகள் என்று சொல்லப்படும் இந்தத் துணைக் கருவிகள்தான் 2004இல் முதல் பதிப்பு வந்த நாளிலிருந்தே ஃபயர்ஃபாக்ஸின் பெருமை. பிரவுசரில் இல்லாத வசதியை வெளியார் யாராவது எழுதி இலவசமாகக் கொடுப்பார், வேண்டியவர் இணைத்துக்கொள்ளலாம். 'டவுன்தெம்ஆல்' ஒரு பக்கத்தில் உள்ள ஃபைல்கள் அத்தனையையும் ஒரே தட்டில் இறக்கித் தரும். இணைப்பு பாதியில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இணைப்பு எப்போது அறும் என்று தெரியாத ஊர்களில் இதன் அருமை தெரியும். 'டேப் மிக்ஸ் பிளஸ்' திறந்து கிடக்கும் ஐம்பது பக்கங்களை ஒழுங்கில் வைக்கும். 'ஸ்கிராப்புக்' படித்த பக்கத்தைப் படங்களோடு அப்படியே கம்ப்யூட்டரில் எடுத்து வைக்கும்.

'கிளாசிக் தீம் ரெஸ்டோரர்' என்ற நீட்சியின் கதை வேடிக்கையானது. 2014இல் வந்த 29ஆம் பதிப்பு ஃபயர்ஃபாக்ஸின் முகத்தையே மாற்றியபோது, பழைய முகம்தான் வேண்டும் என்றவர்களுக்கு அது கைகொடுத்தது. மூன்று ஆண்டு கழித்து அதுவும் போயிற்று. ஒரு மாற்றத்துக்குத் தப்ப ஒதுங்கிய திண்ணையை அடுத்த மாற்றம் இடித்துவிட்டது.

ஆக, 57ஆம் பதிப்பைப் பற்றிய கருத்து இரண்டாகப் பிரிந்தது. நீட்சி எதுவும் வைத்திராதவர்களுக்கு லாபம் மட்டுமே. மெதுவாக இருக்கிறது என்று குரோமுக்குப் போனவர்களில் சிலர் திரும்பிக்கூட வந்தார்கள். பத்து, பன்னிரண்டு ஆண்டுகளாகக் கூடவே இருந்து, நான்கு பேரிடம் சிபாரிசு செய்து, பிரவுசரைத் தன் கைக்கு ஏற்றபடி செதுக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் நஷ்டம். விசுவாசம் எவ்வளவு அதிகமோ இழப்பும் அவ்வளவு அதிகம்.

மொஸில்லாவின் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. பழைய நீட்சிகளுக்குக் கட்டுப்பாடே கிடையாது. பிரவுசரின் எந்த உறுப்புக்குள்ளும் அவை கைவிடலாம். வீட்டில் குடியிருப்பவர் நினைத்த இடத்தில் சுவரை இடித்து ஜன்னல் வைக்கலாம் என்பது போன்ற ஏற்பாடு அது. வீட்டுக்காரர் ஒரு தூணை நகர்த்தினாலும் யாருடைய ஜன்னலாவது விழும். கெட்ட எண்ணம் கொண்டவர் எழுதிய நீட்சி என்றால் வீடே அவர் கையில். பழைய ஃபயர்ஃபாக்ஸில் ஒரு பக்கம் சிக்கிக்கொண்டால் பிரவுசர் முழுவதும் உறைந்துபோகும். அதைத் தவிர்க்க வேலையைப் பல பகுதிகளாகப் பிரித்து, கம்ப்யூட்டரின் எல்லா மூளைகளையும் ஒரே நேரத்தில் உழைக்கவைக்க வேண்டியிருந்தது. பழைய நீட்சிகளை வைத்துக்கொண்டு அதைச் செய்வது மிகக் கடினம். வேகமும் பாதுகாப்பும் வேண்டுமானால் அவை போயாக வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

திடீரென்று செய்துவிடவும் இல்லை. 2015 ஆகஸ்ட் 21 அன்றே அறிவித்தார்கள். கிட்டத்தட்ட இரண்டேகால் ஆண்டு அவகாசம். டவுன்தெம்ஆலை எழுதியவர் அப்போதே, இனி இந்த நீட்சி பிழைப்பது கஷ்டம் என்று பகிரங்கமாக எழுதினார். அவர் அஞ்சியபடியே 57ஆம் பதிப்பில் அது நின்றது. புது முறையில், பழைய வசதிகள் சில இல்லாமல், 2019இல்தான் திரும்பி வந்தது. 'நோஸ்கிரிப்ட்' போன்ற சில, நாள் கணக்கில் தாமதித்து வந்து சேர்ந்தன. பெரும்பாலானவை வரவே இல்லை. இலவசமாக எழுதிக் கொடுத்தவரிடம், முதலிலிருந்து மறுபடி எழுது என்று யார் கேட்பது?

அறிவிப்பு உண்டுதான். ஆனால் அது யாருக்கு எட்டியது? நீட்சி எழுதுகிறவர்கள் படிக்கும் இடத்தில் எழுதினார்கள். கடைசி சில மாதங்களில் நீட்சிகளின் பட்டியலில் மஞ்சள் நிறத்தில் 'பழையது' என்று ஒரு முத்திரை குத்தினார்கள். அந்தப் பட்டியலை வேலையில்லாமல் திறந்து பார்ப்பவர் யார்? தாலுகா ஆபீஸ் பலகையில் ஒட்டிய நோட்டீஸ் போலத்தான். சட்டப்படி எல்லோருக்கும் தெரிவித்தாயிற்று. சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாது.

'பதிப்பு' என்ற சொல்லைப் புத்தக உலகத்திலிருந்துதான் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டோம். மொழிபெயர்ப்பாளனுக்கு அந்த ஒப்புமை இடிக்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தது. விரிவாக்கித் திருத்திய பதிப்பு 2008இலும் மூன்றாம் பதிப்பு 2020இலும் வந்தன. புதியதை வாங்கியதற்காகப் பழையது அலமாரியிலிருந்து மறையவில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்த குறிப்புகளும் அழியவில்லை. வேண்டும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரவுசரின் புதுப் பதிப்போ பழையது இருந்த இடத்திலேயே வந்து உட்காருகிறது. ஓரக் குறிப்புகளுக்கு உத்தரவாதம் இல்லை.

இதனால் புதுப் பதிப்பே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? தமிழ் வாசகர் சொல்ல முடியாது. விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸின் இரண்டாம் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். இருபுறமும் ஓரம் சீராக அமைத்த பத்தி என்றால் தமிழ் உடைந்து தெரியும். கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து தனித்தனியே நிற்கும். தமிழில் எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட முதல் அறிவுரையே, பத்தியை இடப்பக்கம் மட்டும் சீராக விடுங்கள் என்பதுதான். 2008 ஜூன் 17இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்தக் குறையைத் தீர்த்தது. பிரவுசரைப் புதுப்பித்ததும் தமிழ் ஒட்டிக்கொண்டது. அப்போதும் விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு வழியில்லை. புதுப் பதிப்பு அதில் ஓடாது. எந்தப் புதுப் பதிப்பும் யாரையாவது விட்டுவிட்டுத்தான் கிளம்புகிறது.

அந்த மூன்றாம் பதிப்பை 24 மணி நேரத்தில் 80 லட்சத்து 2 ஆயிரத்து 530 முறை இறக்கினார்கள். கின்னஸ் சாதனை. இன்று யோசித்தால் எண்ணிக்கையைவிட இன்னொன்று வியப்பாக இருக்கிறது. அத்தனை பேரும் தாமே தேடிப் போய், பொத்தானை அழுத்தி, வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அதே 2008இல் வந்த கூகுளின் குரோம் அந்த வழக்கத்தை மாற்றியது. அது கேட்காமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸும் 2011இல் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்று வேகமெடுத்தது. 2020இல் அது நான்கு வாரமாகச் சுருங்கியது. அடுத்த ஆண்டு குரோமும் நான்கு வாரத்துக்கு வந்தது. விழாவாக இருந்தது தவணையாகிவிட்டது.

தவணை வேண்டாம் என்று மறுப்பதிலும் ஆபத்து உண்டு. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஆறாம் பதிப்பு 2001இல் வந்தது. ஏழாம் பதிப்பு 2006இல் வந்த பிறகும் ஆபீஸ்கள் ஆறை விடவில்லை. உள் வேலைக்கான மென்பொருள்கள் அதற்கென்றே எழுதப்பட்டிருந்தன. 'எக்ஸ்ப்ளோரர் 6இல் பார்க்க உகந்தது' என்ற வரி நம் அரசுத் தளங்கள் பலவற்றின் அடியில் நெடுங்காலம் இருந்தது. ஓட்டை உடைசல்களோடு அது பத்தாண்டு நீடித்ததால், 2011இல் மைக்ரோசாஃப்டே, தயவுசெய்து இதைக் கைவிடுங்கள் என்று பிரச்சாரம் செய்ய வேண்டியதாயிற்று. தன் சரக்கையே வேண்டாம் என்று ஒரு கம்பெனி மன்றாடிய காட்சி அபூர்வம்.

நம் நாட்டில் அதைவிட விசித்திரமான நிலை ஒன்று வந்தது. இ-டெண்டர் போடுகிறவர்களும் ஆடிட்டர் அலுவலகங்களும் டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டும். பல அரசுத் தளங்களில் அந்தக் கையொப்பம், பிரவுசருக்குள் ஓடும் ஜாவா என்ற பழைய இணைப்பு வழியாகத்தான் நடக்கும். திருடர்கள் நுழையும் வாசல் என்று சொல்லி அந்த வகை இணைப்புகளைக் குரோம் 2015 செப்டம்பரிலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சிலும் நிறுத்தின. நேற்றுவரை கையொப்பம் விழுந்தது. பிரவுசர் புதுப்பித்துக்கொண்ட மறுநாள் விழவில்லை. டெண்டருக்குக் கடைசி நாள் யாருக்காகவும் காத்திருக்காது. எனவே ஒரு கம்ப்யூட்டரைத் தனியே ஒதுக்கி, பழைய பிரவுசரைப் போட்டு, புதுப்பிக்கும் வசதியை நிறுத்தி வைத்தார்கள். லட்சங்களும் கோடிகளும் புரளும் வேலைக்கு, இருப்பதிலேயே பாதுகாப்புக் குறைந்த பிரவுசர்! புதுப்பித்தவர்களுக்கு வேலை நின்றது. புதுப்பிக்காதவர்களுக்குக் காவல் நின்றது.

அவர்களுக்கு அப்போது கைகொடுத்தது ஃபயர்ஃபாக்ஸ் 52இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. பெரிய நிறுவனங்களுக்கென்று தயாரிக்கப்படும் வகை இது. சுமார் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். முகமும் வசதிகளும் மாறாது. ஜாவா அதில் இருந்தது. பழைய நீட்சிகளும் ஓடின. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய கடைசி ஃபயர்ஃபாக்ஸும் அதுவே. டெண்டர்காரர், நீட்சிக்காரர், பழைய கம்ப்யூட்டர்காரர் என்று மூவரும் ஒதுங்கிய ஒரே மரத்தடி. 2018 செப்டம்பரில் அந்த நிழலும் முடிந்தது.

கதை அத்துடன் நிற்கவில்லை. 2024 அக்டோபரில் தொடங்கி 2025 நடுப்பகுதிக்குள் குரோம் தன் பழைய வகை நீட்சிகளைப் படிப்படியாக நிறுத்தியது. கோடிக்கணக்கானோர் வைத்திருந்த 'யூபிளாக் ஆரிஜின்' என்ற விளம்பரத் தடுப்பானும் அதில் போயிற்று. அதே கையால் எழுதப்பட்ட சிறிய வடிவம் ஒன்று உண்டு, பலம் குறைவு. பாதுகாப்பு, அந்தரங்கம், வேகம் என்ற அதே காரணங்களைக் கூகுள் சொன்னது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் கம்பெனி விளம்பரத் தடுப்பானை முடக்கினால் சந்தேகம் வராதா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். இம்முறை பழைய வகை நீட்சிகளையும் வைத்துக்கொள்வோம் என்று சொன்னது மொஸில்லா. 2017இல் பட்ட அடியின் பாடமாக இருக்கலாம்.

தொழில்நுட்பத்தின் போக்கை யாரும் தடுக்க முடியாது, சரி. ஆனால் இரண்டு காரியங்களைக் கேட்கலாம். ஒன்று, ஓட்டையை அடைப்பதையும் வீட்டை மாற்றிக் கட்டுவதையும் தனித்தனியே வைப்பது. முடியாத காரியம் அல்ல. நிறுவனங்களுக்கு ஏற்கெனவே செய்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தனி மனிதரும் இறக்கிக்கொள்ளலாம், தடையில்லை. பொதுமக்களிடம் அதை எடுத்துச் சொல்வோர்தான் இல்லை. இரண்டாவது, நோட்டீஸை உரியவர் கையில் கொடுப்பது. யாருடைய பிரவுசரில் எந்த நீட்சி இருக்கிறது என்பது அந்தப் பிரவுசருக்கே தெரியும். இன்ன தேதியில் உங்களுடைய இன்னின்ன நின்றுவிடும் என்று ஒரு மாதம் முன்பே, அவரவர் திரையில், அவரவர் மொழியில் சொல்ல எவ்வளவு செலவாகும்?

அதுவரை நம் பங்குக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம் உண்டு. புதுப்பிப்பதை நிறுத்தாதீர்கள், பழைய பிரவுசரில் பணப் பரிமாற்றம் செய்வது திறந்த வீட்டில் தூங்குவது போல. குறித்து வைத்த முகவரிகளை மட்டும் தனி ஃபைலாக வெளியே எடுத்து வையுங்கள். எல்லாப் பெரிய பிரவுசர்களிலும் அதற்கு வழி இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. எந்தெந்த நீட்சி வைத்திருக்கிறீர்கள், எது இல்லாமல் வேலை ஓடாது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிரவுசருக்குள்ளேயே அந்தப் பட்டியலைச் சேமித்து வைப்பதில் பயனில்லை.