கேப்டனுக்கு யாரும் டிப்ஸ் கொடுப்பதில்லை

போன வாரம் அமெரிக்காவிலிருந்து அண்ணன் மகன் பேசினான். நியூ ஜெர்சியில் ஐ.டி. வேலை, மனைவி, இரண்டு பிள்ளைகள். மயாமியிலிருந்து புறப்படும் ஏழு இரவு உல்லாசக் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டியிருக்கிறான். நான் பழைய கப்பல்காரன் என்பதால் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டான்.

"சித்தப்பா, டிக்கெட் காசு தனி. அதுக்கு மேல ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் சர்வீஸ் சார்ஜ்னு போடுறான். சின்னவளுக்கும் சேர்த்து. நாலு பேர், ஏழு நாள், 504 டாலர். கப்பல்ல கவுன்ட்டர்ல போய்ச் சொன்னா எடுத்துடுவாங்களாம். எடுத்துடலாமா? சோறு போடுறதுக்கும் பெட் விரிக்கிறதுக்கும்தானே டிக்கெட்ல காசு வாங்கியிருக்கான்?"

நியாயமான கேள்வி. 504 டாலர் என்பது நம் கணக்கில் 40,000 ரூபாய்க்கு மேல். போனில் அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சந்தையில் ஓடும் பெரிய கப்பல் நிறுவனங்கள் சாதாரண அறைக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை இப்படிப் போடுகின்றன. சூட் அறை என்றால் இன்னும் கூடுதல். மதுவோ குளிர்பானமோ வாங்கினால் அந்த பில்லில் 18 அல்லது 20 விழுக்காடு தனியாக ஏறும். ஒரு நிறுவனம் இதை கிராஜுவிட்டி என்கிறது, இன்னொன்று சர்வீஸ் சார்ஜ் என்கிறது. அறையைச் சுத்தம் செய்பவர், சாப்பாடு பரிமாறுபவர், அவருடைய உதவியாளர், பிறகு பயணியின் கண்ணிலேயே படாத சலவைக்காரர், பாத்திரம் கழுவுபவர் என்று பலருக்கும் இது பிரிகிறது. யாருக்கு எவ்வளவு என்பதைப் பல நிறுவனங்கள் முழுதாகச் சொல்வதில்லை. பணம் தானாகவே கணக்கில் ஏறிவிடும். ஆனால் காகிதத்தில் இது கட்டாயமில்லை. வேண்டாம் என்று பயணி சொன்னால் குறைக்கலாம், முழுதாகவும் எடுத்துவிடலாம். அண்ணன் மகன் கேள்விப்பட்டது சரிதான்.

நான் கப்பலேறியது 2001இல். கேபின் ஸ்டூவர்ட், அதாவது அறை பார்ப்பவன். அப்போது இந்தத் தானியங்கிக் கணக்கு எங்கள் கப்பலில் வந்திருக்கவில்லை, உறைதான். கடைசி நாள் காலையில் ஒவ்வொரு அறையிலும் நாங்களே வெற்று உறைகளை வைக்க வேண்டும். ஸ்டூவர்டுக்கு ஒன்று, வெயிட்டருக்கு ஒன்று, உதவி வெயிட்டருக்கு ஒன்று. ஸ்டூவர்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்றரை டாலர் என்று ஒரு துண்டுத்தாளில் வழிகாட்டுதலும் இருக்கும். நம் கூலியை இன்னொருவன் போட்டுத் தர, நாமே பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வருவதுபோல என்று அப்போதே தோன்றியது.

சிங்கி இறால் பரிமாறும் இரவு உணவுக்கூடம் நிரம்பி வழியும். கடைசி இரவு பல மேசைகள் காலியாகக் கிடக்கும். உறை கொடுக்க வேண்டுமே என்று மாடியில் பஃபே பக்கம் போய்ச் சாப்பிட்டுவிடுவார்கள். ஏழு நாள் பிள்ளைக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்த வெயிட்டர் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எட்டாவது நாள் காலை அவரே வாசலில் நின்று சிரித்து வழியனுப்பவும் வேண்டும்.

என் ஒப்பந்தத்தில் கம்பெனி கொடுக்கும் சம்பளம் என்று போட்டிருந்தது மாதம் 50 டாலர். அச்சுப்பிழை இல்லை, ஐம்பதுதான். மீதி எல்லாம் பயணி கொடுப்பது. வாரத்தில் ஏழு நாளும் வேலை. ஒன்பது மாதத்தில் ஒரு நாள்கூட முழு ஓய்வு கிடையாது. 18 அறைகள், ஒவ்வொன்றுக்கும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. மாலையில் துண்டை மடித்து யானையோ குரங்கோ செய்து கட்டில்மேல் வைக்க வேண்டும். பிள்ளைகள் குதூகலிப்பார்கள். துண்டு யானைக்கும் உறைக்கும் உள்ள தொடர்பு முதல் மாதத்திலேயே எங்களுக்குப் புரிந்துவிடும்.

எல்லாவற்றையும் சேர்த்தால் மதுரையில் ஓட்டல் வேலையில் கிடைத்ததைவிட அதிகம்தான். இல்லையென்றால் அப்பா வட்டிக்கு வாங்கி ஏஜென்டிடம் கொடுத்து என்னை அனுப்பியிருக்க மாட்டார். "கஷ்டம்னா ஏன் போறாங்க?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

சம்பளத்தைக் கம்பெனி கொடுக்காமல் பயணியைக் கொடுக்க வைப்பது கடலில் பிறந்த யோசனை அல்ல, தண்டவாளத்தில் வளர்ந்தது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த சில ஆண்டுகளில் ஜார்ஜ் புல்மன் என்ற முதலாளி தன் தூங்கும் வசதிகொண்ட ரயில் பெட்டிகளில் கறுப்பின ஆண்களைப் போர்ட்டர்களாக வேலைக்கு வைத்தார். நேற்றுவரை அடிமையாக இருந்தவன் குறைந்த கூலிக்கு வருவான், பணிந்து நடப்பான் என்பது கணக்கு. சம்பளம் சொற்பம், மிச்சம் பயணியின் மனசு. போர்ட்டரின் பெயர் என்னவானாலும் பயணிகள் கூப்பிட்டது "ஜார்ஜ்" என்றுதான். அடிமையை உடைமையாளன் பெயரால் அழைத்த அதே வழக்கம். மாதம் 400 மணி நேரம் வரை உழைத்த அவர்கள் 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டினார்கள். கம்பெனியைக் கையெழுத்துப் போடவைக்க 12 ஆண்டுகள் ஆயின. 1937 ஒப்பந்தத்தில் அவர்கள் வாங்கியது கூடுதல் சம்பளமும் குறைந்த வேலை நேரமும். பயணியைத் தாராளமாக நடந்துகொள்ளச் சொல்லி அவர்கள் மனுப் போடவில்லை.

நல்ல சேவைக்கு நல்ல டிப்ஸ், அதனால் உழைப்பவனுக்கும் நல்லது என்று ஒரு வாதம் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சேவையின் தரத்துக்கும் டிப்ஸ் தொகைக்கும் உள்ள தொடர்பு மிகப் பலவீனமானது என்பதே அவர் கண்டது. அவரும் உடன் ஆய்வாளர்களும் ஓர் உணவகத்தில் செய்த ஆய்வில் கறுப்பினப் பணியாளருக்கு வெள்ளையரைவிடக் குறைவாகக் கிடைத்தது. கொடுப்பவன் மனசில் ஏற்கெனவே இருப்பதுதான் காசாக வெளியே வருகிறது. கப்பலில் இதை நான் ஆய்வு இல்லாமலே அறிவேன்.

என் அப்பத்தா ஊருக்குத் துணி வெளுத்தவர். பொழுது சாய்ந்ததும் சட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாக நின்று ராச்சோறு வாங்குவார். அறுப்புக் காலத்தில் களத்தில் நெல் அளந்து போடுவார்கள். வெளுத்த துணிக்கான கூலி அது. ஆனால் ஊரில் ஒருவரும் அதைக் கூலி என்று சொன்னதில்லை. போடுகிறவர் மகராசன், வாங்குகிறவர் கையேந்தி. கூலி என்று பெயர் வைத்தால் குறைந்ததற்குச் சண்டை போடலாம். தருமத்துக்கு யார் சண்டை போடுவது? என்னிடம் சந்தேகம் கேட்ட பையனுக்கு அவர் கொள்ளுப்பாட்டி. அதை போனில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

கப்பலுக்குள்ளும் ஓர் ஊர் இருந்தது. அதிகாரிகளுக்கு ஒரு சாப்பாட்டுக்கூடம், பாடகர்கள், கடைக்காரர்கள் போன்ற ஸ்டாஃபுக்கு ஒன்று, எங்களைப் போன்ற க்ரூவுக்கு ஒன்று. ஸ்டாஃப் பயணிகள் நடமாடும் தளத்தில் உலாவலாம். நாங்கள் வேலை இல்லாத நேரத்தில் அங்கே தலைகாட்டக் கூடாது. அதிகாரிகள் பெரும்பாலும் ஐரோப்பியர். பரிமாற, கழுவ, துடைக்க பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, கரீபியத் தீவுகள். பலகை மாட்டி எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. கேப்டனுக்கு யாரும் டிப்ஸ் கொடுப்பதில்லை. கப்பலைப் பத்திரமாகக் கரைசேர்த்தார் என்று உறையில் பத்து டாலர் வைத்து நீட்டினால் அவமானமாக எடுத்துக்கொள்வார். இன்ஜின் அறைக்காரருக்கும் கிடையாது, அவருக்குச் சம்பளம். எந்த வேலைக்குச் சம்பளம், எந்த வேலைக்கு இனாம் என்று பிரித்த இடத்தில்தான் சங்கதி முழுவதும் இருக்கிறது.

பிறகு நான் போன மூன்றாவது ஒப்பந்தத்தில் உறை போய்த் தானியங்கிக் கணக்கு வந்தது. 2000ஆம் ஆண்டிலேயே நார்வேஜியன் நிறுவனம் விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் சாப்பிடலாம் என்று கொண்டுவந்திருந்தது. ஒவ்வோர் இரவும் வேறு மேசை, வேறு வெயிட்டர் என்றானபின் யாருக்கு உறை கொடுப்பது? ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏற்றுவது பரவியது. எங்களுக்கு அது நிம்மதியாக இருந்ததை மறைக்க மாட்டேன். கடைசி இரவுக் காலி நாற்காலிகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கடைசி இரவு பயணிகள் சேவை கவுன்ட்டர் முன் ஒரு வரிசை நின்றது. எடுத்துவிடச் சொல்லும் வரிசை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. என் ஒப்பந்தத்தில் மாதம் இவ்வளவு வரும் என்று ஓர் உறுதித்தொகை போட்டிருந்தார்கள். பயணிகள் கொடுத்தது அதற்குக் குறைந்தால்தான் கம்பெனி நிரப்பும். அப்படியானால் பயணி கொடுக்கும் முதல் டாலர் யாருக்குப் போகிறது? என் பைக்கு வருவதாகப் பயணி நினைக்கிறார். கம்பெனி கொடுத்திருக்க வேண்டிய டாலரை அது மிச்சப்படுத்துகிறது.

பயணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறும் நாளில் சில மணி நேரத்தில் 18 அறையும் தயாராக வேண்டும். ஓர் ஆளால் முடியாது. என் கைக்காசு கொடுத்து ஓய்வில் இருக்கும் சலவைப் பையனை உதவிக்குக் கூப்பிடுவேன். என் தலையெழுத்து என்று நினைத்திருந்தேன். வேறொரு நிறுவனமான நார்வேஜியன் மீது கேபின் ஸ்டூவர்டுகள் இதே விஷயத்துக்காக அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனதும், உதவியாளருக்குச் சொந்தப் பணம் கொடுக்க வேண்டிவந்த சிலருக்குச் சம்பளப் பாக்கி உண்டு என்று தீர்ப்பானதும், 2013இல் மேல்முறையீட்டிலும் அது நின்றதும் பின்னால்தான் தெரிந்தது. அபராதச் சம்பளம் மட்டும் கிடைக்கவில்லை.

அமெரிக்கச் சட்டம் இதையெல்லாம் ஏன் தடுக்கவில்லை? தலைமை அலுவலகம் மயாமியில், பயணிகள் அமெரிக்கர்கள், கப்பலின் கொடி பஹாமாஸ் அல்லது பனாமா. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பலின் மாலுமிகளுக்கு அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விலக்கு அளிக்கிறது. கார்னிவல் நிறுவனம் பல ஆண்டுகள் பதிவாகியிருந்தது பனாமாவில், ராயல் கரீபியன் லைபீரியாவில். இந்தக் கொடி வித்தைக்கு நூறு வயது. மதுவிலக்குக் காலத்தில், 1922இல், சாராயம் விற்பதற்காக இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் பனாமாக் கொடிக்கு மாறின. சாராயத்துக்குத் திறந்த கதவு கூலிக்கும் பயன்பட்டது.

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2015இல் ஏற்றது. வேலைக்கு ஆளெடுக்க மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனாலும் லட்சக்கணக்கில் வாங்கும் ஏஜென்டுகள் இன்றும் இருக்கிறார்கள். வாரம் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு என்கிறது. கழித்துப் பாருங்கள், 91 மணி நேரம் சட்டப்படியே வேலை வாங்கலாம்.

அப்படியென்றால் டிக்கெட் விலையிலேயே சேர்த்துச் சம்பளமாகக் கொடுக்க முடியாதா? முடியும். பிரிட்டனின் பி அண்ட் ஓ க்ரூஸஸ் 2019 மே முதல் தினக் கட்டணத்தை நிறுத்திவிட்டது. அதே நிறுவனம் அடிப்படைச் சம்பளமாக மணிக்கு 75 பென்ஸ் கொடுக்கிறது என்று 2012இல் கார்டியன் நாளேடு எழுதியிருந்தது. ஆகவே விலையில் சேர்த்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு சம்பளம் என்ற கேள்வி தனி. ஆனால் அதைச் சம்பளம் என்று ஒப்புக்கொண்டால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடியும்.

மற்றவர்கள் ஏன் சேர்ப்பதில்லை என்பதற்குக் கலிபோர்னியாவில் நடந்தது நல்ல பதில். கட்டாயக் கட்டணங்களை விளம்பர விலைக்குள்ளேயே காட்ட வேண்டும் என்ற சட்டம் அங்கே 2024 ஜூலை 1 முதல் வந்தது. கப்பல் நிறுவனங்கள் துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் விலைக்குள் கொண்டுவந்தன. தினப்படி டிப்ஸ் மட்டும் வெளியே நின்றது. அது பயணியின் விருப்பமாம், கட்டாயம் இல்லையாம். கவுன்ட்டரில் எடுக்கலாம் என்ற அந்தச் சலுகை பயணிக்காக வைத்தது என்று இனியும் நம்ப வேண்டுமா?

அண்ணன் மகனுக்கு என் பதில் இதுதான். அந்த 504 டாலரை எடுக்காதே. கம்பெனியைத் தண்டிப்பதாக நினைத்து எடுத்தாலும் அடி விழுவது அறையைத் துடைப்பவர் மீது. எடுத்துவிட்டு நேரில் காசாகக் கொடுக்கிறேன் என்பதும் சரிவராது. கீழ்த்தளத்தில் உன் விரிப்பை வெளுக்கிறவரை நீ பார்க்கவே போவதில்லை. தவிர, பயணி கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், கையில் வாங்கிய காசைப் பொதுக்கணக்கில் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி சில நிறுவனங்களில் உண்டு. இது நீ போடும் தருமம் இல்லை, டிக்கெட்டின் மறுபாதி என்று எண்ணிக் கட்டு.

ஊர் திரும்பியதும் கம்பெனி ஒரு மதிப்பீட்டுப் படிவம் அனுப்பும். முழு மதிப்பெண் குறைந்தால் கேள்வி கேட்கப்படுவது ஸ்டூவர்டுதான், முழுதாகவே போடு. குறை இருந்தால் கம்பெனியின் குறை என்று எழுது. அதற்குக் கீழே கருத்து எழுத ஒரு கட்டம் இருக்கும். இந்தக் கட்டணத்தை டிக்கெட் விலையில் சேர்த்து, சம்பளம் என்று பெயர் போட்டுக் கொடுங்கள் என்று அந்தக் கட்டத்தில் எழுது. ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்காதே, அது உனக்கு என்னைவிட நன்றாக வரும்.