மூட்டை நமது, முடிச்சு டில்லியில்!

பெரம்பலூர் பஸ் நிலையத்தில் இரவு பதினொரு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சென்னைக்கும் நமக்கும் உள்ள உறவு என்னவென்று. கொத்தனார் போகிறார், சித்தாள் போகிறார், ஓட்டலில் தட்டுக் கழுவும் தம்பி போகிறான், கம்பெனி வாசலில் காவல் நிற்கும் பெரியவர் போகிறார். விடியுமுன் கிளாம்பாக்கத்தில் இறங்குகிறார்கள். "சென்னை வந்துவிட்டது, இறங்குங்கள்" என்கிறார் கண்டக்டர். ஆனால் சென்னை வரவில்லை! வேலை செய்யும் இடத்துக்கு இன்னும் இரண்டு பஸ் மாற வேண்டும். நேரம் தவறினால் ஆட்டோ; ஆட்டோ ஏறினால் அரை நாள் கூலி போயிற்று.

"சென்னையில் மெட்ரோ இரயில் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? அரியலூரானுக்கும் பெரம்பலூரானுக்கும் அதனால் ஆவதென்ன?" என்று நம் தோழர்களில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறவே இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று பாதைகள் கொண்டது: மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர். மொத்தம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். கிழக்கே கடல். ஆகவே, ஊர் வளர்வதென்றால் தெற்கே, மேற்கே, வடக்கேதான் வளர வேண்டும். சாலையை அகலப்படுத்த இடமில்லை; வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. மண்ணுக்கடியில் குடைந்தோ, தூண் நாட்டி மேலே தூக்கியோ பாதை போடுவதைத் தவிர வேறு வழியில்லை. செலவு மலையாய் நிற்பது இதனால்தான்.

2020 நவம்பர் 21இல் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா சென்னைக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 2021 பிப்ரவரி 1இல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையில் இதே திட்டத்தையும் இதே தொகையையும் அறிவித்தார். அடுத்த ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல்! தேர்தல் முடிந்தது, அறிவிப்பும் உறங்கிற்று. மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது எப்போது? 2024 அக்டோபர் 3இல். அடிக்கல்லுக்கும் அனுமதிக்கும் இடையே நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே குறைவு. கல்யாணத்துக்கு மேளம் கொட்டிவிட்டு, தாலிக்கு நாள் பார்க்க நான்கு ஆண்டு எடுத்துக்கொண்ட கதை இது!

அந்த நான்கு ஆண்டுகளும் வேலை நின்றதா? இல்லை. மாநில அரசு தன் கஜானாவிலிருந்து எடுத்துப் போட்டது. ஜப்பானிய நிறுவனத்திடமும் ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றிடமும் வாங்கும் கடன், மாநிலத்தின் கடன் கணக்கில் ஏறிற்று. ஒரு மாநிலம் ஆண்டுக்கு இவ்வளவுதான் கடன் வாங்கலாமென்று வரம்பு உண்டு. அந்த வரம்பில் மெட்ரோ இடம் பிடித்துக்கொண்டால் பின்னே தள்ளப்படுவது எது? கிராமத்துச் சாலை, வட்டார ஆஸ்பத்திரி, ஏரி மதகு. அதாவது, அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் வரவேண்டியவை. டில்லியின் தாமதம் சென்னைக்காரரின் காலை மட்டும் கட்டவில்லை. நம் காலையும் சேர்த்தே கட்டிற்று. தோழரின் கேள்விக்கு இது முதல் விடை.

"இப்போதுதான் நூற்றுக்கு 65 பங்கு மத்திய சர்க்கார் ஏற்றுக்கொண்டதே, பிறகென்ன புலம்பல்?" என்பார்கள். அந்த 65ஐப் பிரித்துப் பார்ப்போம். 33,593 கோடி கடன். 7,425 கோடி பங்கு முதலும் சார்நிலைக் கடனும். மீதி 22,228 கோடி மாநிலத்தினுடையது. பெருந்தொகையான அந்தக் கடனை அடைப்பவர் யார்? சென்னை மெட்ரோ நிறுவனம். நிறுவனத்தால் முடியாவிட்டால்? மாநில அரசு கைகொடுக்க வேண்டும். டில்லி அறிவித்த ஏற்பாடே இதுதான். கடனைப் பெற்றுத் தந்த உதவியை நாம் மறுக்கவில்லை. மாநிலத்தின் கடன் வரம்பு விடுபட்டதும் உண்மை. ஆனால், அந்தக் கடன் நீங்கலாக டில்லி தருவது 7,425 கோடி. மொத்தச் செலவில் நூற்றுக்குப் பன்னிரண்டு கூட இல்லை. இதைத்தான் 65 என்று மேடையேறி முழங்குகிறார்கள்!

இனி, நம் ஊருக்கு வருவோம். அரியலூர் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். அதைத் தோண்டி, அரைத்து, சுட்டு, சிமெண்டாக்கி அனுப்புகிறார்கள் நம் தொழிலாளர்கள். தூசியை மூச்சில் வாங்குவது நாம். லாரிகளுக்கு அஞ்சிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது நாம். அந்தச் சிமெண்டுக்கு 2017 ஜூலை முதல் நூற்றுக்கு 28 ரூபாய் ஜி.எஸ்.டி. வரி விதித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆயிற்று. வைரத்துக்கும் தங்கத்துக்கும் இல்லாத வரி, ஏழை கட்டும் வீட்டுக்கு எட்டு ஆண்டுகள் இருந்தது!

மாநிலத்துக்குள் விற்கும் மூட்டையின் வரியில் பாதி டில்லிக்குப் போகிறது. அவ்வாறு எல்லா மாநிலங்களிலிருந்தும் சேரும் பகிர்வு நிதியில் நூற்றுக்கு 41 மாநிலங்களுக்கென்றும், அந்தப் பங்கில் தமிழ்நாட்டுக்கு நூற்றுக்கு 4.079 என்றும் 2021 முதல் 2026 வரைக்கு 15ஆவது நிதிக்குழு வகுத்தது. 2011 கணக்குப்படி இந்திய மக்களில் நூற்றுக்கு ஆறு பேர் தமிழ்நாட்டார். பங்கோ நான்கு சொச்சம்! இதுவன்றி, செஸ் என்றும் சர்சார்ஜ் என்றும் வசூலிக்கும் பணம் அந்தப் பகிர்வுக்கே வருவதில்லை. ஏழை மாநிலத்துக்கு உதவக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. பசித்தவனுக்குப் பங்கிடுவது தமிழன் பண்பு. பங்கிடுவது வேறு, நம் மூட்டையின் முடிச்சைத் தன் கையில் வைத்துக்கொண்டு, நாம் கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம்" என்பது வேறு.

2025 நவம்பரில் கோவைக்கும் மதுரைக்கும் கேட்ட மெட்ரோத் திட்டங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. 20 லட்சம் மக்கள் இல்லையாம்! ஆக்ராவிலும் போபாலிலும் 2011 கணக்கில் 20 லட்சம் இருந்தார்களா? இல்லையே! அங்கே மட்டும் அனுமதி கிடைத்தது எப்படி?

இரயில் என்ற சொல்லைக் கேட்டாலே அரியலூருக்கு ஒரு நினைவு வரும். 1956 நவம்பர் 23. மருதையாற்று வெள்ளம் பாலத்தருகே கரையை அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க ஒரு மந்திரி இருந்த காலம் அது. அந்த அரியலூர் வழியாகத்தான் இன்றும் தெற்கத்தி இரயில்கள் பறக்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் பெரம்பலூர் நகருக்கு மட்டும் தண்டவாளம் எட்டவில்லை! அரியலூர்–பெரம்பலூர்–துறையூர்–நாமக்கல் பாதை கேட்டு மக்கள் நெடுங்காலமாக மன்றாடுகிறார்கள். மனுக்கள் போயின, வாக்குறுதிகள் வந்தன, இரயில் வரவில்லை.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டபோது, பக்கத்தில் இரயில் நிலையமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. விமான நிலையத்திலிருந்து அங்கே சுமார் 15 கிலோமீட்டர்தான். பாதை முதலில், பஸ் நிலையம் பிறகு என்றிருந்தால் நம் கொத்தனாரின் கூலி மிஞ்சியிருக்கும். நகர்த் திட்டம் தீட்டுவோர் நகரத்தில் வாழ்பவனை மட்டும் எண்ணுகிறார்கள். நகரத்தைக் கட்ட வருபவனை எண்ண மறந்துவிடுகிறார்கள்.

டில்லியைக் கேளாமல் செய்யக்கூடியதைச் செய்தும் காட்டினோம். 2021 மே 7இல் கழக அரசு பொறுப்பேற்ற நாளிலேயே, சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று கையெழுத்தாயிற்று. நம் சித்தாள் சகோதரிக்கு அன்றாடம் சில ரூபாய் மடியில் மிஞ்சுகிறது. அதற்கு எவருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரம் அருகிலிருந்தால் நன்மை விரைந்து வருமென்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நாம் கேட்பவை நான்கு. திட்டம் அனுப்பப்பட்டால், ஆம் என்றோ இல்லையென்றோ ஓராண்டுக்குள் விடை வேண்டும். செஸ், சர்சார்ஜ் வருவாயிலும் மாநிலங்களுக்குப் பங்கு வேண்டும். கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வேண்டும். பெரம்பலூருக்கு இரயிலும், அரியலூரில் சுண்ணாம்பு லாரிகளுக்கு ஊர் தொடாத தனிச் சாலையும் வேண்டும். இவற்றில் சலுகை ஒன்றுமில்லை, அத்தனையும் உரிமை.

தோழர்களே! இந்தக் கணக்கை ஆலை வாசலில் சொல்லுங்கள், டீக்கடையில் சொல்லுங்கள், இரவு பஸ்ஸுக்குக் காத்திருப்பவரிடம் சொல்லுங்கள். சென்னைக்குப் பாதை கேட்பவனும் பெரம்பலூருக்குப் பாதை கேட்பவனும் எதிரிகள் அல்லர். ஒரே கதவைத் தட்டும் இருவர். சேர்ந்து தட்டுவோம், முடிச்சு அவிழும்!