குற்றவாளி நம் பிள்ளை அல்ல!

‘பையன் கெட்டுவிட்டான். இரவெல்லாம் கைப்பேசி, பகலெல்லாம் மயக்கம்.’ தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் தமிழ்ப் பெற்றோரின் இந்தப் புலம்பல் நம் காதில் விழுந்தவண்ணம் இருக்கிறது. சிலர் பிள்ளையை அடிக்கிறார்கள். சிலர் ரயிலேற்றி ஊரில் பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நோய் தீரவில்லை. ஏனெனில் குற்றவாளியை விட்டுவிட்டு, அவனுக்கு இரையானவனைத் தண்டிக்கிறோம்.

மத்திய சமூக நீதி அமைச்சகம் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பசை, தின்னர், ஒயிட்னர் போன்றவற்றை முகர்ந்து போதை ஏற்றும் பழக்கம் பெரியவர்களிடம் 0.58 விழுக்காடு. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடமோ 1.17 விழுக்காடு! பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் மிகுந்திருந்த போதை இது ஒன்றுதான். காரணம் வெளிப்படை. விலை மலிவு, கடையில் கிடைக்கிறது, கேட்பாரில்லை.

கைப்பேசியின் கதையும் வேறல்ல. தள்ளத் தள்ள முடிவின்றி வந்துகொண்டே இருக்கும் படங்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல. கண் திரையை விட்டு அகலாத ஒவ்வொரு நிமிடமும் நிறுவனத்துக்கு விளம்பர வருமானம். பசை விற்பவனுக்குச் சிறுவனின் மூச்சு காசு. படம் காட்டுபவனுக்கு அவனது தூக்கம் காசு. இரண்டு சந்தைகளும் கைகோத்தும் நிற்கின்றன. சமூக ஊடகத்துக்கும் இளைஞரின் போதைப் பழக்கத்துக்கும் தொடர்பிருப்பதற்குச் சான்றுகள் பெருகுவதாகச் சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையே எச்சரித்தது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். சிறுவனுக்குப் போதைப்பொருள் கொடுப்பவனுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். சிறுவரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கும் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகளோ 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களுக்கு மேலும் 18 மாத அவகாசம்! முதலாளிக்கு அவகாசம், ஏழைப் பிள்ளைக்கு அடி உதை. இது என்ன நியாயம்?

பெற்றோருக்கு ஒரு சொல். போலீசுக்குப் பயந்து பிள்ளையின் பழக்கத்தை மூடி மறைக்காதீர்கள். தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் போதை அடிமையை வழக்கிலிருந்து காக்கவே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. கைப்பேசியை விட முடியாமல் தவிப்பவர்களுக்கென்றே பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014 முதல் தனிப் பிரிவு நடத்துகிறது. இது நோய், மானக்கேடு அல்ல.

நமக்கும் கடமை உண்டு. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, பத்துக்குப் பத்து அறையில் அடைந்து கிடக்கும் பிள்ளை வேறெங்கே போவான்? மாநகராட்சிப் பள்ளி மைதானங்களை மாலையில் திறந்துவிடக் கோருவோம். சங்கக் கட்டடங்கள் ஆண்டுவிழாவுக்கு மட்டுமா? அங்கே நாள்தோறும் கேரம் பலகையும் படிப்பகமும் இருக்கட்டும். பள்ளி வாசலில் விற்கும் கடைகளைப் பட்டியலிட்டு வார்டு அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுப்போம். வாக்குக் கேட்டு வருபவரிடம், கொடுத்த மனு என்னவாயிற்று என்று கேட்போம்.

பிள்ளையை அடிக்க ஓங்கும் கை, விற்பவனை நோக்கித் திரும்பட்டும்!