நாம்தான் புதிய கிராணிகள்

நம்மூர் இலக்கியக் கூட்டங்களில் ஒரு சடங்கு உண்டு. யாராவது ஒருவர் எழுந்து, அடுத்த தலைமுறை தமிழ் வாசிக்காது என்று கவலைப்படுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்தக் கூட்டத்தின் அழைப்பிதழைத் தயாரித்த கணினியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். காட்சி மொழி ஆங்கிலம். வட்டாரம் அமெரிக்கா. தேதி, மாதத்தில் தொடங்கும். உலாவியின் விருப்ப மொழிப் பட்டியலில் தமிழ் இருக்காது. அந்த இயந்திரத்தில் தமிழ் வெறும் எழுத்துரு, அவ்வளவுதான்.

இதெல்லாம் சின்ன விஷயம், செட்டிங்ஸில் போய் மாத்திக்கிட்டா முடிஞ்சது என்பீர்கள். சரி, மாற்றினீர்களா?

ஈப்போவில் வேலை செய்யும் பொறியாளன் நான். எங்கள் குடும்பம் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தது. அந்தத் தோட்டத்து வாழ்க்கையில் துரை பேசியது ஆங்கிலம், மரம் சீவியவர்கள் பேசியது தமிழ். நடுவில் ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர் கிராணி. பெரும்பாலும் ஆங்கிலம் படித்த மலையாளியோ யாழ்ப்பாணத் தமிழரோ அந்த நாற்காலியில் இருப்பார். செக்ரோலில் பெயர் போடுவது, வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது, பாரம் நிரப்புவது எல்லாம் அவர் கையில். நல்ல கிராணிகளும் இருந்தார்கள். ஆனால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் முன்னால் போய் நின்றால்தான் காரியம் நடக்கும் என்ற ஏற்பாடு மாறவில்லை.

இன்று அந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

என் அத்தை தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் நாளிதழை மூலை முடுக்கு விடாமல் வாசிப்பார். மலாய் நன்றாகப் பேசுவார், வாசிக்கத்தான் திணறுவார். ஆங்கிலம் தெரியாது. மகன் விட்டுப்போன பழைய மேசைக் கணினியில் பேரப்பிள்ளைகளின் படங்களையும் கோயில் மகளிர் குழுவின் கணக்கையும் வைத்திருக்கிறார். திரையில் ஒரு பெட்டி எழுந்து எதையாவது கேட்டால் எனக்குப் போன் வரும். “தம்பி, என்னமோ கேக்குதுய்யா, அமுக்கட்டா வேணாமா?” கேள்வி இவ்வளவுதான்: சேமிக்கவா, வேண்டாமா? அதைத் தமிழில் கேட்டிருந்தால் அவரே பதில் சொல்லியிருப்பார். குடும்பத்தில் என்னைப் பெரிய ஆளாக வைத்திருப்பது என் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. அந்தப் பெட்டி ஆங்கிலத்தில் இருப்பதுதான்.

போன ஆண்டு காட்சி மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். எல்லாம் தமிழாகிவிடவில்லை. விண்டோஸின் தமிழ் இடைமுகம் அதிகம் புழங்கும் பகுதிகளைத்தான் தமிழில் காட்டுகிறது. மிச்சம் ஆங்கிலத்திலேயே நிற்கும். ‘தனியுரிமை’ என்ற சொல்லைப் பார்த்து, “தனியா உரிமையா, யாருக்கு?” என்று கேட்டார். சொன்னேன், புரிந்துகொண்டார். ஆனால் சேமி, அழி, அச்சிடு, ரத்துசெய் எதற்கும் இப்போது போன் வருவதில்லை.

இங்கேதான் நம் நண்பர்கள் சிரிப்பார்கள். கணினித் தமிழ் செயற்கை, படிக்கவே கூச்சமாக இருக்கிறது என்பார்கள். திரையில் தெரியும் கட்டத்துக்கு ‘ஜன்னல்’ என்றும் கையில் பிடிக்கும் கருவிக்கு ‘எலி’ என்றும் ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார்களே, அதில் மட்டும் என்ன இயற்கை இருக்கிறது? புழங்கிப் புழங்கித்தான் அவை பழகின. மின்னஞ்சல் என்று வானொலியில் சொன்னால் இன்று யாரும் சிரிப்பதில்லை. மொழிபெயர்ப்பு மோசமாக இருந்தால் திருத்தலாம். பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்றவற்றின் தமிழைத் தன்னார்வலர்கள்தான் செய்கிறார்கள். ஒரு சொல்லுக்காக மூன்று பக்கம் சண்டை போடும் நம் எழுத்தாளர்களுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது. பயன்படுத்தவே மாட்டேன், ஆனால் குறை மட்டும் சொல்வேன் என்பது விமர்சனம் ஆகாது.

அடுத்த வாதம், தமிழுக்கு ‘டிமாண்ட்’ இல்லை என்பது. ஒரு தொழில்நுட்ப விவரம் சொல்கிறேன். நீங்கள் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம், உங்கள் உலாவி தன் விருப்ப மொழிப் பட்டியலையும் சேர்த்தே அனுப்புகிறது. எந்த மொழியில் காட்ட வேண்டும் என்று அந்தப் பக்கத்தின் வழங்கி அதை வைத்து முடிவுசெய்யலாம், எத்தனை பேர் என்ன மொழி கேட்டார்கள் என்று எண்ணியும் பார்க்கலாம். நாம் அமெரிக்க ஆங்கிலத்தையே விட்டு வைத்தால், ஈப்போ லிட்டில் இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க ஆங்கிலம் கேட்பவர்களாக அந்தக் கணக்கில் சேர்கிறோம். கேட்காமலேயே இருந்துவிட்டு, கிடைக்கவில்லை என்று மேடையில் அழுவது என்ன நியாயம்?

இத்தனைக்கும் இந்தத் துறையில் நாம் வெறும் நுகர்வோர் இல்லை. முரசு மென்பொருளை 1980களிலேயே உருவாக்கத் தொடங்கியவர் நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன். அவருடைய முரசு அஞ்சலில் பழகிய ‘அஞ்சல்’ விசைமுறை இன்று ஆப்பிள் கணினியிலும் விண்டோஸிலும் கூடவே வருகிறது. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99உம் பக்கத்திலேயே இருக்கிறது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. யூனிகோட் கூட்டமைப்பின் வட்டாரத் தரவுத் தொகுப்பில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூரோடு மலேசியாவுக்கும் தனித் தமிழ்ப் பதிவு இருக்கிறது. தமிழ் (இந்தியா) என்று வைத்தால் ரூபாய்க் குறியும் 1,00,000 என்ற எண்ணும் வரும். தமிழ் (மலேசியா) என்று வைத்தால் ரிங்கிட்டும் 100,000 என்ற எண்ணும் வரும். நம் கணக்கு வழக்குக்கு ஏற்ற தமிழ் அங்கே தயாராக இருக்கிறது. தேர்ந்தெடுக்கத்தான் ஆள் இல்லை.

நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. விண்டோஸில் ‘சிங்கிள் லாங்குவேஜ்’ என்றொரு பதிப்பு இருக்கிறது. அதில் காட்சி மொழி ஒன்றுதான், இன்னொன்றைச் சேர்க்க உரிமத்துக்குக் காசு கட்டி மேம்படுத்த வேண்டும். கணினி வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பள்ளிக்குக் கணினி நன்கொடை தரும் புரவலர்களும் கேட்க வேண்டும்.

பள்ளி என்றதும் ஞாபகம் வருகிறது. டிஎல்பி எனும் இருமொழித் திட்டம் 2016இல் வந்தபோது, தமிழ்ப்பள்ளியில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தலாமா என்று பெரிய சண்டையே நடந்தது. நடக்க வேண்டிய சண்டைதான். ஆனால் நான் பார்த்த ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினி அறையில் எல்லாத் திரையும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. அதற்கு எந்த அமைச்சும் உத்தரவு போடவில்லை. பெட்டியைப் பிரித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டார்கள். தமிழ் பாடநூலுக்கான மொழி, கருவிக்கான மொழி வேறு என்று ஏழு வயதுப் பிள்ளை அந்த அறையில் கற்றுக்கொள்கிறது. அதை நாம் எந்த மறியல் நடத்தியும் பிறகு மறக்கடிக்க முடியாது.

அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அத்தை வீட்டுக் கணினி, கோயில் ஆபீஸ் கணினி, படித்த தமிழ்ப்பள்ளியின் கணினி அறை. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். காட்சி மொழி, வட்டாரம், விசைமுறை, உலாவி என்று மாற்ற வேண்டியவை நான்கே. மாற்றிவிட்டு, திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும் வழியையும் தமிழில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள். எந்த மொழி வேண்டும் என்று இனி அவர்களே முடிவுசெய்யட்டும். கிராணி தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கட்டும்.