எண்களாகிப்போன மக்கள்

உலக அரசியலையும் நாடுகளுக்கிடையிலான உறவுகளையும் ஆராயும் நூல்கள் பேரறிஞர்க்கும் தூதுவர்க்குமே உரியன என்றோர் எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் கொழுந்து பறிக்கும் மக்களுக்கும் அத்தகைய நூல்களுக்கும் யாது தொடர்பு என வினவுவோரும் உளர். உண்மையோ இதற்கு நேர்மாறானது. இரண்டு அரசுகளின் கைச்சாத்தினால் வாழ்வு இவ்வளவு தூரம் புரட்டப்பட்ட மக்கள், மலையகத் தமிழரைப் போல் இத்தீவில் வேறெவரும் இலர்.

வரலாற்றைச் சுருங்க நோக்குவோம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1954 சனவரியில் நேருவும் கொத்தலாவலையும் உடன்படிக்கை செய்தனர், சிக்கல் தீரவில்லை. நாடற்றோர் நிலை பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் சாசனமும் அதே ஆண்டில் எழுந்ததுதான். ஆயினும், அதன் நிழல் நம் லயங்களை எட்டவில்லை.

பின்னர் வந்தது 1964 ஒக்டோபர் 30ஆந் திகதிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பிறகு பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர். அவ்வெச்சத்தையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரைப் பங்கிட்ட இக்கணக்கில் மனிதரின் விருப்பத்திற்கு என்ன இடமிருந்தது? அண்ணன் ஒரு கணக்கிலும் தம்பி மறு கணக்கிலும் விழுந்தால் அக்குடும்பம் என்னாகும்? தலைமன்னாருக்குக் கோச்சி ஏறியவர்கள் விட்டுச்சென்ற கண்ணீருக்கு எந்த ஒப்பந்தத்திலும் வாசகம் இல்லை.

நிற்க. இவ்விடயம் குறித்து அறிஞர் எழுதிய நூல்கள் பல. ஷெல்டன் கொடிகார 1965இல் வெளியிட்ட, சுதந்திரத்திற்குப் பிந்திய இந்திய – இலங்கை உறவுகள் பற்றிய நூல் முன்னோடியானது. அரசுகளின் உறவை ஆராயும் நூலில் மக்கள் ஒரு ‘பிரச்சினை’யாகவே தோன்றுதல் அத்துறையின் இயல்பு. 2009இல் வெளிவந்த வள்ளி கணபதிப்பிள்ளையின் நூலோ பிரஜாவுரிமையையும் நாடற்ற நிலையையுமே நடுவில் வைத்து ஆராய்கின்றது. 2019இல் மைத்ரி ஜெகதீசன் எழுதிய நூல் தோட்டப் பெண்களின் உழைப்பையும் அவர்தம் தன்மானத்தையும் பேசுகின்றது. அரசவையிலிருந்து லயத்தை நோக்கி ஆய்வின் பார்வை மெல்லத் திரும்பியிருத்தல் மகிழ்ச்சிக்குரியது.

எனினும் ஒரு குறை நெஞ்சை உறுத்துகின்றது. இந்நூல்கள் ஆங்கிலத்தில் எழுந்தவை. எவருடைய கதையை அவை கூறுகின்றனவோ அவர்தம் பிள்ளைகள் தம் தாய்மொழியில் அவற்றைப் படித்து, ‘இது சரி, இது தவறு’ என்று சொல்லும் வாய்ப்புப் பெறவேண்டும். தம்மைப் பற்றிய ஆவணத்தைத் தாமே படிக்க இயலாத மக்கள், நாளை வேறொரு மேசையில் மீண்டும் எண்களாகக் கூடும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமையை வழங்கிற்று. அது மறுக்கப்பட்ட வரலாற்றை அறியும் உரிமையை எச்சட்டமும் வழங்கிவிடாது. அதை நாமே தேடிக்கொள்ளவேண்டும்.

1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாய்ப் பாராளுமன்றம் புகுந்த சி. வி. வேலுப்பிள்ளை, தம் மக்களின் வாழ்வை எழுத்தில் வடித்து வழிகாட்டினார். அவ்வழியில் இன்னும் பலர் நடத்தல் வேண்டும். ஒப்பந்தம் கைச்சாத்தான நாளில் பத்து வயதுச் சிறுவராயிருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்தம் நினைவுகள் அவரோடு மறையுமுன் பதியப்படல் வேண்டும். மலையகத்தில் பட்டம் பெற்ற இளைஞரும் ஆசிரியரும் ஆளுக்கொரு முதியவரின் வரலாற்றையேனும் எழுதட்டும். தமிழ்ப் பதிப்பாளரும் பல்கலைக்கழகத்தாரும் மேற்கூறிய நூல்கள் தமிழில் வர ஆவன செய்யட்டும்.

அரசுகள் நம்மை எண்ணினார்கள். இனி நாம் நம்மை எழுதுவோம்.