ஏர் போதுமா, புரோ வேணுமா?

எம்பிபிஎஸ் சீட் கிடைத்த பிள்ளைகளோட அப்பா அம்மா எங்க நாடுகாணி பக்கம் என்னைப் பார்த்தா கேட்கிற கேள்வி இது: "டாக்டர், மேக்புக் ஏர் போதுமா, புரோவே வாங்கிடலாமா?"

ஏர் போதும். பெரும்பாலானவங்களுக்கு அதுவே அதிகம். ஏன்னு இந்த இழையில சொல்றேன்.

முதல்ல விலை. 2025 மார்ச்சில் எம்4 சிப்போட 13 இஞ்ச் ஏர் வந்தப்போ ஆரம்ப விலை 99,900 ரூபாய். சில மாசம் முன்னாடி வந்த 14 இஞ்ச் புரோ 1,69,900. பலருக்குத் தெரியாத விஷயம், ஆரம்ப விலை புரோவில் இருந்ததும் அதே எம்4 தான். மெமரியும் ரெண்டிலும் 16 ஜிபி. ஸ்டோரேஜ் மட்டும் ஏரில் 256, புரோவில் 512 இருந்தது. ஏரிலேயே 512 எடுத்தா அன்னைக்கு 1,19,900. அப்பவும் 50,000 ரூபாய் மிச்சம்.

அப்போ அந்தக் கூடுதல் காசு எதுக்கு? நல்ல திரை, எச்டிஎம்ஐ, கேமரா கார்டு சொருகும் இடம், முக்கியமா உள்ளே ஒரு ஃபேன். ஏரில் ஃபேன் கிடையாது. ரொம்ப நேரம் கடுமையா வேலை வாங்கினா சூடாகி, தானே வேகத்தைக் குறைச்சுக்கும். காய்ச்சல் வந்தா நாமளும் அப்படித்தானே!

ஆனா அவ்வளவு கடுமையான வேலை யாருக்கு இருக்கு? கூடலூரில் கல்யாண வீடியோ எடிட் பண்ற தம்பி கேட்டா, யோசிக்காம புரோ வாங்குப்பான்னு சொல்வேன். அவருக்கு அது முதலீடு, போட்ட காசு திரும்பி வரும்.

டாக்டர் வேலைக்கு? கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி, காசநோயாளிகளைப் பதியும் நிக்ஷய், எல்லாமே பிரவுசரில் ஓடுறவை. வகுப்பு வீடியோ, பிடிஎஃப், பிபிடி இதெல்லாம் ஏருக்குத் தூசு. ஜூலை மழையில மரம் விழுந்து கரண்டும் டவரும் போயிட்டா, ரெண்டு லேப்டாப்பும் ஒண்ணுதான். பேட்டரியில் புரோ மேல், மறுக்கல. கம்பெனி கணக்குப்படி வீடியோ பார்த்தா புரோ 24 மணி நேரம், ஏர் 18. எனக்கு 18 தாராளம். பையில தூக்கிட்டு பஸ்ஸில போறவங்களுக்கு 1.24 கிலோவுக்கும் 1.55 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் தோளில் தெரியும்.

உண்மையான பிரச்சினை அந்தப் பேர்ல இருக்குன்னு நினைக்கிறேன். "டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை, புரொஃபஷனல் தானே வேணும்?" குடும்பத்துல முதல் டாக்டர். குறைஞ்சதை வாங்கிக் கொடுத்தா பிள்ளையை குறைச்சு மதிச்ச மாதிரின்னு அப்பா மனசு தவிக்குது. அந்தத் தவிப்பு புரியுது. ஆனா அந்த 50,000 பச்சைத் தேயிலை வித்துத்தான் வரணும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் வாங்கின பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தை அரசு கட்டுது. அதுல மிஞ்சினதை லேப்டாப் இஎம்ஐக்குக் கட்டணுமா? தலைவலின்னு வர்ற எல்லாருக்கும் நாங்க எம்ஆர்ஐ எழுதறதில்லையே.

இன்னும் சொல்லப்போனா, முதல் வருஷம் லேப்டாப்பே அவசரமில்லை. அனாட்டமியை டிசெக்‌ஷன் ஹாலிலும் புத்தகத்திலும்தான் படிக்கப் போறாங்க. ஆப்பிளே வேணும்னும் இல்லை, பாதி விலை விண்டோஸ் லேப்டாப் தாராளமா போதும். 2011ல் தொடங்கின அரசு இலவச லேப்டாப்பில் படிச்சவங்க இன்னைக்கு டாக்டரா இருக்காங்க.

ஏர் வாங்கறதுன்னு முடிவானா ரெண்டு விஷயம். மெமரியைப் பின்னாடி கூட்ட முடியாது, அதனால 16 ஜிபிக்குக் குறைஞ்ச பழைய மாடல் ஆஃபர்ல வந்தாலும் வேண்டாம். தண்ணி உள்ளே போனா சாதாரண வாரண்டி கைகொடுக்காது. தேவாலா, நாடுகாணி மழை தெரிஞ்சவங்க லேப்டாப்போட சேர்த்து ஒரு நல்ல வாட்டர்ப்ரூஃப் பையும் வாங்கிடுங்க.

உங்க கேஸ் வேற மாதிரி இருந்தா, எந்த மாடல்னு மட்டும் கேட்காம, தினமும் அதுல என்ன வேலை செய்யப் போறீங்கன்னும் எழுதுங்க. நைட் ட்யூட்டி முடிச்சு பதில் போடறேன்.